ராசாவோடை ஆர் கதைச்சது?

ஓம் பிள்ளை, இந்த பஸ்தான். கன்ரபெரிக்குத்தான் போகுது. ஆனால் பெரிய சேர்ச் வாசலிலை விடாது, பஸ் ஸ்ராண்டிலை இறங்கி நடக்கவேணும். நானும் அங்கைதான் இறங்கிறன், வழி காட்டிவிடுறன். இருங்கோ, இதிலையே இருங்கோ. இந்தப் பையை மடியிலை எடுக்கிறன். வாழைக்காய் கிடக்கு, நசிஞ்சுபோகும்.

இந்தியாவோ? கதையிலை தெரியுது. படிக்க வந்தனீங்களோ? நல்லது. நான் யாழ்ப்பாணம், காரைநகர். என்ரை தமிழ் விளங்குதுதானே? விளங்காட்டில் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. நான் கொஞ்சம் கூடக் கதைப்பன். ஆக்களோடை கதைச்சுக் கனகாலம். வீட்டிலை ரேடியோ கதைக்கும், நான் பதில் சொல்லுவன். அதுக்குக் கேக்காது.

சேர்ச் பாக்கப் போறியள். அங்கை வெட்டுப்பட்ட பிஷப்பின்ரை கதை தெரியுமோ? தெரியாதோ? பின்னை என்னத்தைப் பாக்கப் போறியள், கல்லையோ? உள்ளை ஒரு வெள்ளைக்கார மனிசி நிண்டு எல்லாருக்கும் கதை சொல்லும். அது முழுக்கப் பிஷப்பின்ரை பக்கத்தாலை சொல்லுற கதை. நான் ராசாவின்ரை பக்கத்தாலை சொல்லுறன். அந்தப் பக்கத்தாலை சொல்ல இஞ்சை ஆரும் இல்லை.

எண்ணூறு வருசத்துக்கு மேலை இருக்கும். அப்ப இந்த நாட்டை ஆண்ட ராசாவுக்கு ஒரு கூட்டாளி. யாவாரியின்ரை மகன். ராசாதான் ஆளைத் தூக்கி மந்திரியாக்கினது. ஒண்டாய்ச் சாப்பாடு, ஒண்டாய் வேட்டை. பேந்து பெரிய பிஷப்பின்ரை இடம் காலியாச்சுது. அந்த நாளையிலை பிஷப்மார் சும்மா ஆக்கள் இல்லை, பிள்ளை. காணி பூமி அவையளுக்கு. கோடு கச்சேரியும் தனி. சேர்ச் ஆள் ஒருத்தன் கொலை செய்தாலும் ராசாவின்ரை கோட்டிலை வழக்கு வைக்கேலாது. ராசா யோசிச்சார், என்ரை ஆளையே பிஷப்பாக்கினால் கரைச்சல் இல்லை எண்டு. ஆக்கினார். ஆக்கின கையோடை ஆள் மாறிப்போனார். இனி நான் உங்கட ஆள் இல்லை, கடவுளின்ரை ஆள் எண்டிட்டார்.

சொல்லுங்கோ பார்ப்பம், ஆர் பிழை? தூக்கிவிட்ட கையைத் தட்டிவிடலாமோ?

எனக்கு அந்த ராசாவை நல்லாய் விளங்கும். ஏனெண்டால் எனக்கும் ஒரு ஐயர் இருந்தவர்.

எங்கட ரவுணிலை ஒரு முருகன் கோயில் கிடக்கு. முந்தி அது ஒரு பழைய சேர்ச் ஹோல். கூரை ஒழுகும், புறா குடியிருந்தது. அதை வாங்கிக் கோயிலாக்கினது நான். அப்பிடிச் சொல்லக்கூடாது, எல்லாரும்தான். எண்டாலும் நான்தான். தொடங்கின நாள் தொட்டு நான்தான் தலைவர். என்ரை பேர் திரவியநாதன். அது ஆருக்கும் தெரியாது. கடைக்குப் போனாலும் தலைவர், கலியாண வீட்டுக்குப் போனாலும் தலைவர். என்ரை மனிசி மங்கையர்க்கரசியே ஆக்களுக்கு முன்னாலை தலைவர் எண்டுதான் சொல்லுவாள். பகிடியாயோ, மெய்யாயோ, தெரியாது.

கோயிலுக்கு ஐயர் வேணும். ஊரிலை எங்கட கோயிலிலை பூசை செய்த குருக்களின்ரை மகன், சோமாஸ்கந்தன். சோமு ஐயர். சின்ன வயசு, நல்ல குரல். கடிதம் போட்டு, விசா எடுத்து, பிளேனாலை இறங்கின அண்டைக்கு என்ரை கோட்டைக் கழட்டிப் போத்துக் கூட்டிவந்தது நான். அறை எடுத்துக் குடுத்தது நான். ஊரிலை எண்டால் ஐயர்மார் எங்கட வீட்டிலை கை நனைக்கமாட்டினம். இஞ்சத்தைக் குளிர் எல்லாத்தையும் மாத்திப்போட்டுது. மங்கை அவருக்கெண்டு ஒரு சட்டி தனியாய் வாங்கினாள். அதிலை வேறை ஒண்டும் வைக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வருவார், சாப்பிடுவார், பேந்து நானும் அவரும் காட்ஸ் விளையாடுவம். ஐயர் காட்ஸ் விளையாடலாமோ எண்டு கேக்காதேங்கோ. வீட்டுக்குள்ளை ஐயர் இல்லை, சோமு. அண்ணை, அண்ணை எண்டு கூப்பிடுவார். துரும்புச் சீட்டை ஒளிச்சு வைச்சிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கோ, எனக்குத் தம்பி இல்லாத குறை தீர்ந்துபோகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் பிள்ளை. சொல்லிப்போட்டன், வேறை என்ன.

பேந்து அந்த வருசத் திருவிழா வந்தது. கொடி ஏறினாப் பிறகு ஒரு ஞாயிறு, காட்ஸிலை இருக்கிறம். போன் அடிச்சுது. ரொறன்ரோவிலை இருந்து என்ரை அண்ணையின்ரை மகன். அண்ணைக்கு ஏலாமல் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். போனை எடுத்தன். "சித்தப்பா" எண்டான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதத்திலை எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சுது. பின்னாலை பொம்பிளையள் அழுகிற சத்தமும் போனுக்கு வெளியாலை கேக்குது. அடுத்த சொல்லை அவன் எடுக்க முன்னம் போனைக் கட் பண்ணிப்போட்டன். கட் பண்ணி, கதிரை மெத்தைக்குக் கீழை வைச்சிட்டன்.

ஏன் எண்டு பாக்கிறியளோ? உங்கட ஆக்கள் தீட்டு எண்டு சொல்லுவினம், நாங்கள் துடக்கு எண்டு சொல்லுவம். செத்த வீட்டுத் துடக்கு எங்களுக்கு முப்பத்தொரு நாள். கோயிலுக்குள்ளை கால் வைக்கேலாது. ஆனால் தூரத்திலை இருக்கிறவனுக்குச் சேதி காதிலை விழுந்தால்தான் துடக்குத் தொடங்கும். விழாட்டில் இல்லை. அது எங்கட முறை, நான் கண்டுபிடிச்சது இல்லை. அடுத்த வெள்ளி தேர். தேரண்டு தலைவருக்குத்தான் முதல் பரிவட்டம். ஐயர் பட்டுத்துண்டைத் தலையிலை கட்டி, வடத்தை எடுத்துக் கையிலை தருவார். அந்த வருசம் புதுத் தேர் வேறை. மரம் பாத்து ஊரிலை செய்வித்து, கப்பலிலை இறக்கினது. முழு அலுவலும் நான். அண்ணை கண்ணை மூடிக் கிடக்கிறார், ஒரு கிழமை பிந்தி அழுதால் அவருக்கு என்ன குறைஞ்சுபோகும்?

சோமுவைப் பாத்து, "றோங் நம்பர்" எண்டன். அவர் கையிலை காட்ஸை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தவர். மங்கை குசினி வாசலிலை நிண்டு பாத்தவள். "உங்கட கை, ஐயா" எண்டன். அவர் ஒரு காட்டைப் போட்டார். நான்தான் அண்டைக்கு வெண்டது.

தேரண்டு வெள்ளைக்காரச் சனமெல்லாம் றோட்டிலை நிண்டு பாக்குது. பொலிஸ் றோட்டை மறிச்சு வைச்சிருக்கு. நான் பட்டு வேட்டி, சால்வை, தலையைக் கொஞ்சம் குனிஞ்சு முன்னாலை நிக்கிறன். சோமு ஐயர் பட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு வந்தவர், என்னைத் தாண்டிப் போய், மடப்பள்ளியிலை மரக்கறி வெட்டுற பொன்னம்பலத்தின்ரை தலையிலை கட்டிப்போட்டார். பொன்னம்பலம் என்னையும் ஐயரையும் மாறி மாறிப் பாக்குது. நான் அப்பிடியே குனிஞ்சபடி. பேந்து எனக்குக் கிட்ட வந்து, ஒருத்தருக்கும் கேக்காமல் சொன்னார், "அண்ணை, இந்த முறை நீங்கள் வெளியிலை நில்லுங்கோ."

"எனக்குத் துடக்கெண்டு ஆர் சொன்னது?" எண்டு கேட்டன்.

"ஆரும் சொல்லேல்லை, அண்ணை. நீங்கள் காதைப் பொத்தினியள். நான் பொத்தேல்லை" எண்டார்.

பாத்தியளோ? என்ரை வீட்டுக் கதிரையிலை இருந்து, என்ரை மனிசி வைச்ச சோத்தைச் சாப்பிட்டுப்போட்டு, எனக்குச் சொல்லுற கதையைப் பாத்தியளோ? மெல்லமாய்த்தான் சொன்னவர். கோவமாய்ச் சொல்லியிருந்தால் கூடப் பறவாயில்லை.

தேர் முடிஞ்சு போனைத் திறந்தன். அண்ணையை எரிச்சும் முடிஞ்சுது. படம் அனுப்பியிருந்தாங்கள், பாத்தன். என்னைச் சைக்கிளிலை வைச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனிசன். எனக்கு அழுகை வரேல்லை, பிள்ளை. பரிவட்டம் பொன்னம்பலத்தின்ரை தலையிலை இருக்கிறதுதான் கண்ணுக்கு முன்னாலை நிண்டது. அண்ணைக்கு நான் இண்டைக்கு வரைக்கும் அழேல்லை. அதுக்கும் அந்த ஐயர்தான் காரணம்.

இது ஆஸ்பத்திரி ஸ்ரொப். இன்னும் கொஞ்சத் தூரம்தான். உங்களுக்கு அலுப்பு இல்லையே?

அந்தப் பிஷப் ராசாவோடை கோவிச்சுக்கொண்டு பிரான்சுக்கு ஓடினவர். ஆறு வருசம் கிடந்து போட்டு, சமாதானம் எண்டு திரும்பி வந்தார். வந்த உடனை பழையபடி. அந்தச் சேதி ராசாவின்ரை காதுக்குப் போகுது. ராசா கோவத்திலை ஒரு வார்த்தை விட்டார். நான் தீன் போட்டு வளர்த்த நீங்கள் இவ்வளவு பேர் இருக்கிறியள், இந்த ஒரு ஆள் என்னை அவமதிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியளோ, அப்பிடி ஏதோ. சும்மா ஒரு வார்த்தை. கோவத்திலை ஆர்தான் கதைக்கேல்லை? கேட்டுக்கொண்டு நிண்ட நாலு பேர் வாளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டாங்கள். ராசா வெட்டச் சொன்னவரோ? சொல்லேல்லை. மறிக்க ஆள் அனுப்பினவராம், ஆள் போய்ச் சேர முன்னம் காரியம் முடிஞ்சுது.

எனக்கும் அப்பிடித்தான். பூங்காவனத் திருவிழாவும் முடிஞ்ச பிறகு கமிற்றிக் கூட்டம். பெடியள் நாலு பேர், எல்லாரும் நான் கொண்டுவந்து சேர்த்த பெடியள். நான் ஒண்டும் பெரிசாய்ச் சொல்லேல்லை. "கோயிலைக் கட்டினவன் வெளியிலை நிக்கிறான், வந்து இறங்கினவர் உள்ளை நிக்கிறார், நீங்கள் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறியள்" எண்டன். அவ்வளவுதான். சொல்லிப்போட்டு வீட்டை வந்து படுத்திட்டன்.

விடியப் பூசைக்கு ஐயர் வாறார். திறப்பைப் போட்டால் கதவு திறக்கேல்லை. பெடியள் பூட்டை மாத்திப்போட்டாங்கள். அவரின்ரை உடுப்பு, புத்தகம், தேப்பன் குடுத்துவிட்ட பூசைச் செம்பு, எல்லாத்தையும் குப்பை போடுற கறுத்தப் பையிலை கட்டி வாசலிலை வைச்சிருக்கிறாங்கள். மழை வேறை. மனிசன் சத்தம் போடேல்லையாம். பூட்டின கதவுக்கு முன்னாலை மழையிலை நிண்டு, காலமைப் பூசை மந்திரம் முழுக்கச் சொல்லி முடிச்சாராம். மூடின கதவுக்கு ஒரு கற்பூரம் காட்டினாராம். மழையிலை அது நூந்து நூந்து போச்சுதாம். பேந்து பைகளைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்.

நான் பூட்டை மாத்தச் சொன்னனோ? நீங்களே கேட்டுக்கொண்டு வாறியள்தானே. ஒரு இடத்திலையாவது பூட்டு எண்ட சொல்லு என்ரை வாயாலை வந்ததோ?

இந்த வெயிலைப் பாருங்கோ. அடிக்கிற மாதிரி இருக்கும், சுடாது.

மங்கைக்கு நான் சொல்லேல்லை, ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டைக்குக் கோயிலுக்குப் போறதை விட்டவள்தான். என்னோடை சண்டை பிடிக்கேல்லை. சமைச்சாள், உடுப்புத் தோய்ச்சாள், மருந்தை எடுத்துத் தந்தாள். அந்தச் சட்டியை மட்டும் கிழமைக்கொருக்கால் இறக்கி, மினுக்கி, திரும்ப ஏத்தி வைப்பாள். ஒருத்தரும் சாப்பிடாத சட்டியை என்னத்துக்கு மினுக்கிறாய் எண்டு கேட்டன். தூசு பிடிக்கும் எண்டாள்.

பேந்து அந்த நாலு பெடியளும் என்ன செய்தாங்கள் தெரியுமோ? அடுத்த பொதுக்கூட்டத்திலை என்னை எழுப்பிப்போட்டு அதிலை ஒருத்தன் தலைவராய் இருந்திட்டான். தலைவர் ஐயாவுக்கு வயசு போட்டுதாம், ஓய்வு எடுக்கட்டாம். ஒரு பொன்னாடை போத்தினாங்கள். அந்த ராசாவுக்கும் அப்பிடித்தான். கடைசியிலை பெத்த பிள்ளையளே எதிர்த்து நிண்டவங்கள். தனியாய்த்தான் செத்தவர், பிரான்சிலை எங்கையோ ஒரு மூலையிலை தாட்டுக் கிடக்கு. செத்த பிஷப்பைப் பாக்க எண்ணூறு வருசமாய்ச் சனம் போகுது. நீங்கள் மதுரையிலை இருந்து வந்திருக்கிறியள். ராசாவோடை ஆர் பிள்ளை கதைச்சது? கூட்டாளி இல்லாமல் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலை அந்த மனிசன் என்ன செய்திருப்பார்? அந்த வெள்ளைக்கார மனிசி அதைச் சொல்லாது.

மதுரை இல்லையோ? தேனியோ? சரி, தேனி. கோவிக்காதேங்கோ.

இந்தக் கதையெல்லாம் எனக்கு மங்கை சொன்னதுதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை "சேர்ச் பாக்கப் போறன்" எண்டு இந்த பஸ்ஸிலை ஏறிப் போவாள். சைவக்காரி, சேர்ச்சிலை என்ன பாக்கிறாள் எண்டு நான் யோசிக்கேல்லை. அவளும் தனிச்சுப்போனாள், காத்தாடப் போகட்டும் எண்டு விட்டிட்டன். வந்து சாப்பாடு போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொல்லுவாள். ராசா இப்பிடி, பிஷப் அப்பிடி எண்டு. ஒரு நாள் சொன்னாள், "கடைசியிலை அந்த ராசா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, வெறுங்காலோடை றோட்டாலை நடந்து போய், அந்தக் கல்லடியிலை விழுந்து கும்பிட்டவராம். சாமிமாரின்ரை கையாலை அடியும் வாங்கினவராம்." சொல்லிப்போட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள். "ராசாவுக்கு விசர்" எண்டன். அவள் கறியை விட்டாள். அதை ஏன் எனக்குச் சொன்னாள் எண்டு இண்டைக்கும் தெரியேல்லை. வெறுங்காலோடை நடக்கிறதிலை என்ன இருக்கு? நாங்கள் கோயிலுக்குப் போனால் எல்லாரும் வெறுங்கால்தான்.

போன வருசம் மங்கைக்குக் கடுமையாச்சுது. ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள், "என்ரை ஆட்டைத் திவசத்தைச் சோமு ஐயரைக் கொண்டு செய்வியுங்கோ. வேறை ஆரும் வேண்டாம்." ஆட்டைத் திவசம் எண்டால் வருசம் திரும்பச் செய்யிறது. அவர் எங்கை கிடக்கிறாரோ எண்டன். கன்ரபெரியிலை எண்டாள். கிழமை நாளிலை ஏதோ கடையிலை பெட்டி அடுக்கிறாராம். வெள்ளிக்கிழமையிலை ஒரு சின்ன ஹோலை எடுத்து, ஒரு படத்தை வைச்சு, ஒரு பத்துக் குடும்பத்துக்குப் பூசை செய்யிறாராம். இவள் அங்கைதான் போனவளாம். சேர்ச்சும் பாத்தனான்தான், பொய் இல்லை எண்டாள். எனக்கு நல்ல கோவம். ஆனால் சாகக் கிடக்கிற மனிசியோடை என்னெண்டு கோவிக்கிறது? சரி, செய்விக்கிறன் எண்டு கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

வாற புதன் திவசம். என்ரை மகன் அவுஸ்திரேலியாவிலை. அப்பா, ஆரும் ஒரு ஐயரைப் பிடியுங்கோவன், எல்லாம் ஒரே மந்திரம்தானே எண்டுறான். அவனுக்கு விளங்காது.

நான் மூண்டு நாலு வெள்ளி இந்தப் பையோடை வந்திட்டன். அரிசி, பருப்பு, வாழைக்காய், ஒரு வேட்டி. ஐயரைக் கேக்கப் போகேக்கை வெறுங்கையோடை போகக்கூடாது. வந்து, சேர்ச்சுப் பக்கம் போய் அங்கை கிடக்கிற மரவாங்கிலை இருப்பன். இண்டைக்கு ஐயர் இந்த வழியாலை வந்தால், என்னைக் கண்டால், கட்டாயம் வந்து மன்னிப்புக் கேப்பார், நானும் சரி விடுங்கோ எண்டு சொல்லலாம் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். வரமாட்டார். திரும்பிப் போய் வாழைக்காயை நானே பொரிச்சுச் சாப்பிடுவன். போன கிழமை எண்ணெய் கூடிப்போச்சுது.

இதுதான் ஸ்ராண்ட். பாத்து இறங்குங்கோ. இல்லை, பையை நான் கொண்டுவாறன். சரி, பையின்ரை ஒரு காதைப் பிடியுங்கோ.

நேரை போங்கோ. அந்தக் கோபுரம் தெரியுதெல்லே, அதுதான் உங்கட சேர்ச். வழி தவறாது. ஆனால் முதல் இந்த ஒழுங்கையாலை ஒருக்கா வாங்கோ, ஒரு நிமிசம்தான். இந்தா, இந்தப் பச்சைக் கதவு. மணிச்சத்தம் கேக்குதோ? சாம்பிராணி மணக்குது. சப்பாத்தெல்லாம் வரிசையாய்க் கிடக்கு பாருங்கோ. அந்த மூலையிலைதான் மங்கையும் தன்ரை சப்பாத்தை விட்டிருப்பாள். அவள் எப்பவும் மூலையிலைதான் விடுவாள், திரும்பி வரேக்கை தேடத் தேவையில்லை எண்டு.

அவரின்ரை குரல்தான். கொஞ்சம் அடைச்சுப்போச்சுது. அந்தக் கடை குளிராக்கும்.

பிள்ளை, எனக்கொரு உதவி செய்வியளோ? உள்ளை போய், பூசை முடிய ஐயரைக் கொஞ்சம் வெளியிலை வரச்சொல்லுங்கோ. நானோ? நான் உள்ளை வரக்கூடாது. மனிசி செத்து இன்னும் ஆட்டை முடியேல்லை. துடக்கு முப்பத்தொரு நாள்தான், எண்டாலும் கட்டினவள் எண்டால் எங்கட முறையிலை வருசம் திரும்பாமல் கோயிலுக்குள்ளை போகேலாது. முறை எண்டால் முறைதானே.

சப்பாத்தை ஏன் கழட்டினனான் எண்டு பாக்கிறியளோ? கோயில் வாசல் பிள்ளை, பழக்கம். ஓம், றோட்டு நல்லாய்க் குளிருது. பறவாயில்லை. நீங்கள் போங்கோ.

நில்லுங்கோ. தலைவர் வந்திருக்கிறார் எண்டு சொல்லாதேங்கோ. மங்கையின்ரை மனிசன் எண்டு சொல்லுங்கோ. வெளியிலை நிக்கிறார் எண்டு சொல்லுங்கோ. அவருக்கு விளங்கும்.